தறிப்பட்டறையில் ஒரு பையனைப் பார்த்தால்: எடுபடும் புகாரை எப்படிக் கொடுப்பது

நான் கொடுத்த முதல் புகார் இரண்டே வரி. "எங்கள் பகுதியில் பல விசைத்தறிப் பட்டறைகளில் குழந்தைத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்." பள்ளி முத்திரையைக் குத்தி, பச்சை மையில் கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆய்வு செய்ததில் அவ்வாறு எவரும் கண்டறியப்படவில்லை.

எனக்கு வந்த கோபத்தை வீட்டில் எல்லாரும் அனுபவித்தார்கள். ஒரு வாரம் கழித்து என் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். எந்தத் தெரு, எந்தப் பட்டறை, எந்தப் பையன், எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானே தேடப் போயிருந்தாலும் ஒரு பிள்ளையையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

நாமக்கல், ஈரோடு பக்கத்து விசைத்தறி ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த முதல் கடிதத்துக்குப் பிறகு எழுதியவற்றில் சில பலித்தன, சில பலிக்கவில்லை. பலித்தவை எல்லாமே அதிகாரி வண்டியிலிருந்து இறங்கி நேராக அந்தப் பிள்ளை நிற்கும் இடத்துக்கு நடந்து போகிற மாதிரி எழுதப்பட்டவை. அதை எப்படி எழுதுவது, எழுதிய பிறகு என்ன செய்வது என்பதுதான் இங்கே.

முதலில் வயதைப் பார்ப்போம், இதில்தான் ஊருக்கே குழப்பம். "ஆபத்தான வேலைன்னாத்தானுங்க டீச்சர் தப்பு? நூல் எடுத்துக் குடுக்கறதுல என்ன ஆபத்து?" என்று பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். அது பழைய கதை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்யப்பட்ட தொழில்களை மட்டும் பட்டியல் போட்டு வைத்திருந்தது. 2016இல் அது திருத்தப்பட்டு, செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது 14 வயது ஆகாத பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. டீக்கடை, பேக்கரி, மெக்கானிக் கடை, வீட்டு வேலை, ஆடு மேய்ப்பது எல்லாம் இதில் அடங்கும். 14 முதல் 18 வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று சட்டம் தனியாகப் பிரிக்கிறது. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தானவை என்று சொல்லும் செயல்முறைகள் ஆகியவற்றில் அவர்களையும் வைக்கக் கூடாது. மற்ற வேலைகளில் வைக்கலாம். ஆனால் ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்தான். இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடவே கூடாது. ஆகவே பையனுக்குப் பதினைந்து என்று சொன்னதும் திரும்பி வந்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு அவன் அங்கே என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு, பட்டறைக்காரர்களுக்கு அது மனப்பாடம். குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பிள்ளை உதவலாம். பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ உதவலாம், ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள். அதாவது சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா வரைக்கும். நம் ஊரில் யார்தான் யாருக்கு மாமா இல்லை? "என் அக்கா பையனுங்க" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ சோதனைகள் முடிந்துபோயிருக்கின்றன. அந்த நேரத்தில் உறவைப் பற்றி வாதாடிப் பயனில்லை. சொந்த மாமாவாகவே இருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிள்ளை தறி பக்கத்தில் உட்கார்ந்து தார் (தறிக்கான நூல் கட்டை) சுற்றிக்கொண்டிருந்தால் விலக்கு பொருந்தாது. நீங்கள் குறித்து வைக்க வேண்டியது நாளையும் நேரத்தையும்தான்.

சரி, எப்படிக் குறிப்பது? ஒரு சின்ன நோட்டு போதும். நான் கடைக்குப் போகிற வழியை மாற்றிக்கொண்டு ஒரே பட்டறையை வெவ்வேறு நாளில் மூன்று முறை கடந்து போவேன். ஒரு முறை பார்த்தால் "சோறு கொண்டுவந்து குடுக்க வந்தானுங்க" என்பார்கள். மூன்று நாள், மூன்று நேரம் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. நோட்டில் எழுத வேண்டியவை: பட்டறைப் பெயர்ப் பலகையில் என்ன இருக்கிறது, பலகை இல்லையென்றால் பக்கத்தில் என்ன இருக்கிறது (கோயில், ரேஷன் கடை, மின்கம்ப எண்), வாசல் எந்தப் பக்கம், பின்வாசல் உண்டா, எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா, பார்த்தால் என்ன வயது சொல்லலாம், என்ன வேலை செய்கிறார்கள், எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள், அங்கேயே தங்குகிறார்களா. பின்வாசலை மறக்காதீர்கள். முன்பக்கம் ஜீப் நின்றதும் பிள்ளைகள் பின்பக்கமாகக் காட்டுக்குள் ஓடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிள்ளையிடம் பேசலாமா என்று கேட்பார்கள். பழகிய பிள்ளை என்றால் சாதாரணமாக விசாரியுங்கள். "எந்த ஸ்கூல்ல படிச்சே? உங்க மிஸ் யாரு?" என்று கேட்டாலே போதும், பள்ளியின் பெயர் கிடைத்துவிடும், பிறகு ஆவணமும் கிடைக்கும். "எவ்வளவு சம்பளம், அடிக்கிறாங்களா" என்று ஆரம்பித்தீர்களானால் பிள்ளை பயந்துபோய் அன்று மாலையே முதலாளியிடம் சொல்லிவிடும்.

போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடவே போடாதீர்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் முகம், பெயர், பள்ளி, முகவரி என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். அதைவிட உடனே நடக்கக்கூடியது வேறு. படம் சுற்றி வந்து பட்டறைக்காரர் போனுக்கே போய்ச் சேரும்.

ஒருமுறை வாயைத் திறந்து நானே கெடுத்திருக்கிறேன். புகார் கொடுத்த அன்று சாயங்காலம், உள்ளூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஆதரவாக இருப்பார் என்று நம்பிச் சொன்னேன். மறுநாள் காலை பட்டறை பூட்டிக் கிடந்தது, "தறி ரிப்பேர்" என்று ஒரு அட்டை தொங்கியது. ஆகவே புகார் கொடுத்தது வீட்டிலும் ஒருவருக்கு மேல் தெரிய வேண்டாம்.

எங்கே கொடுப்பது? வழிகள் பல உண்டு. எனக்குப் பழக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளை இப்போதே அடி வாங்குகிறது, பூட்டி வைத்திருக்கிறார்கள், இன்றிரவு வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்கள் என்றால் 1098. கட்டணம் கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்லாமலும் தகவல் தரலாம். 1996இல் மும்பையில் தொடங்கிய இந்த உதவி எண்ணை வெகு காலம் ஓர் அமைப்பு நடத்தியது. 2023இல் அரசே பொறுப்பேற்று 112 அவசர எண்ணோடு இணைத்துவிட்டது. பேசும்போது கதையாகச் சொல்லாமல் நோட்டைப் பார்த்து வாசியுங்கள்.

அவ்வளவு அவசரம் இல்லை என்றால் எழுத்தில் கொடுங்கள். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம்தான் முதல் இடம். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2017 செப்டம்பரில் தொடங்கிய பென்சில் என்ற இணையதளத்திலும் புகார் பதியலாம், அது உங்கள் மாவட்டப் பொறுப்பு அலுவலருக்குப் போகும். நான் இரண்டையும் செய்வேன். எழுத்து மனுவின் நகலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் அனுப்புவேன். ஒரே புகார் இரண்டு மேஜையில் இருந்தால், ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் அவரைப் போனில் கேட்பார். இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாகவே வழக்குப் பதிவு செய்யலாம் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்காமல் வெளியே வராதீர்கள்.

என் மனு இப்படித்தான் இருக்கும், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஐயா, ... கிராமம், ... தெருவில், மாரியம்மன் கோயிலுக்குக் கிழக்கே மூன்றாவது கட்டடமான விசைத்தறிப் பட்டறையில் (பச்சை இரும்புக் கதவு, பின்புறம் தென்னந்தோப்புப் பக்கம் இன்னொரு வாசல்) 14 வயதுக்கு உட்பட்டவர்களாகத் தெரியும் இரண்டு சிறுவர்களும் ஒரு சிறுமியும் தார் சுற்றும் வேலை செய்வதை இம்மாதம் 4, 7, 11 ஆகிய தேதிகளில், பள்ளி வேலை நாட்களில், காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே நேரில் பார்த்தேன். காலை 8 மணிக்கு வருகிறார்கள். மதியம் 1 முதல் 2 வரை இருப்பதில்லை. ஒரு சிறுவன் ... பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்து நின்றவன். பெற்றோர் முன்பணம் பெற்றிருப்பதாகத் தெரிகிறது. ஆய்வுக்கு முன் தகவல் வெளியே போகாமலும், என் பெயர் வெளிப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்."

மதியம் 1 முதல் 2 வரை என்ற வரி சும்மா போட்டதில்லை. ஒரு தடவை குழு சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியது.

முன்பணம் என்ற வரிதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. எங்கள் பக்கம் பெரும்பாலான பிள்ளைகள் கூலிக்காக மட்டும் தறிக்குப் போவதில்லை. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அப்பா வாங்கிய முன்பணம் கழிய வேண்டும் என்று போகிறார்கள். முன்பணத்துக்காகப் பிள்ளையின் உழைப்பைப் பிடித்து வைத்திருந்தால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டத்துக்குள்ளும் வரும். அப்போது கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்து விடுவிப்புச் சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சட்டப்படி அந்தக் கடனே ரத்தாகிவிடுகிறது. இதைச் சொன்னபோது ஒரு தாய் என்னை நம்பவே இல்லை. "கடன் எப்படிங்க டீச்சர் இல்லாமப் போகும்? வாங்கினது வாங்கினதுதானுங்களே" என்றார். நாணயமான மனுஷி. அந்த நாணயத்தை வைத்துத்தான் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்டிருக்கிறார்கள். 2016இல் வந்த மத்திய அரசு மறுவாழ்வுத் திட்டப்படி, கொத்தடிமையிலிருந்து மீட்கப்படும் குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. மனுவில் முன்பணம் பற்றி எழுதாவிட்டால் அந்த விசாரணையே தொடங்காமல் போகலாம்.

மீட்கிற நாளில் நீங்கள் அங்கே நிற்க வேண்டாம். தொழிலாளர் துறை, காவல், குழந்தைகள் பாதுகாப்பு அலகு எல்லாம் சேர்ந்து வருவார்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழு அது, முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் அதற்கு உண்டு. விசாரணை முடியும் வரை சில நாள் பிள்ளை இல்லத்தில் இருக்க நேரலாம். தாய் தகப்பன் ஆடிப்போகிற இடம் இதுதான். "பையன ஜெயில்ல போட்டுட்டீங்களே" என்று ஓர் அம்மா என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். புகார் கொடுத்தது நான் என்று அவருக்குத் தெரியாது, டீச்சர் என்பதால் வந்தார். காபி கொடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு குழுவின் முன் போனேன். பெற்றோரோடு போகிற ஒரு ஆள் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று மூன்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

முதலாளி தரப்பு அங்கே வயதைத்தான் முதலில் பிடிக்கும். பையன் வளர்த்தி, மீசை அரும்பியிருக்கிறது, அவனே "பதினெட்டு" என்று சொல்லியும் விடுவான், சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாத பட்சத்தில்தான் எலும்புப் பரிசோதனை. ஆகவே ஆசிரியர்களே, உங்கள் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் சேர்க்கைப் பதிவேட்டுக்கு இப்படியும் ஒரு மதிப்பு உண்டு. எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருந்தால் எந்தப் பள்ளியில் படித்தான் என்பதும் உடனே தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர்களுக்கு இன்னொன்று. தகவல் எதுவும் சொல்லாமல் ஒரு பிள்ளை தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் பொறுப்பு அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. 2017இல் வந்த விதி. எனக்குத் தெரிந்தது அதற்கு வெகு நாள் கழித்துத்தான், யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. ஆனால் முப்பது நாள் காத்திருக்காதீர்கள். ஐந்தாவது நாளே வீட்டுக்குப் போனால் பேச்சிலேயே முடிந்துவிடும். முப்பதாவது நாளில் பையன் கையில் முதல் சம்பளம் வந்திருக்கும்.

குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் தண்டனை என்னவென்றால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1996 டிசம்பரில், சிவகாசிப் பிள்ளைகள் தொடர்பான வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் குறைந்தபட்ச அபராதம் அதே 20,000. அன்று அது பெரிய தொகை. இன்று நல்ல போன் ஒன்றின் விலை. போதாக்குறைக்கு, முதல் முறைக் குற்றமானால் அதிகபட்ச அபராதத்தில் பாதியைக் கட்டி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதனால்தான் பிள்ளையை அடைத்து வைத்திருந்தாலோ சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தாலோ இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள் என்கிறேன். அதில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் அபராதம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. வசூலாகும் அபராதம் குழந்தைகளுக்கான மறுவாழ்வு நிதிக்குப் போக வேண்டும், அரசும் தன் பங்காகக் குழந்தை ஒன்றுக்கு 15,000 ரூபாய் அதில் சேர்க்க வேண்டும். அது அந்தப் பிள்ளைக்கு உரியது. தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். குடும்பம் மிகவும் கஷ்டப்படுகிறது என்றால் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். பிள்ளை கொண்டுவந்த கூலி நின்றுபோன வீட்டுக்கு அது பெரிய தெம்பு.

பள்ளியில் சேர்ப்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், டி.சி. வரவில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. முன்பு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் தனிப் பயிற்சி மையங்கள் இருந்தன. அவை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் இப்போது வட்டார வள மையத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சட்டத்தால் ஆகாத வேலை ஒன்று உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு வருடம் தறிச் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தால் வகுப்பில் கத்தித்தான் பேசுவான். உட்கார மாட்டான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் மூன்று மாதம் அவனுக்கு ஏதாவது பொறுப்புக் கொடுத்து வைத்திருப்பேன். மணி அடிப்பது, மைதானத்துக்குப் பந்து எடுத்துப் போவது. கை சும்மா இருந்தால் கால் பட்டறைப் பக்கம் போகும்.

மனு கொடுத்து இரண்டு வாரமாகியும் சத்தமே இல்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் பழைய மனு எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமை மனு. "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. ஆய்வுக்குப் போன தேதி, நேரம், போன அலுவலர்களின் பதவிகள், ஆய்வறிக்கையின் நகல், பதியப்பட்ட வழக்கு எண் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நேரம் என்ன என்று கேட்டதற்கே ஓர் இடத்தில் மறு ஆய்வு நடந்தது, ஏனென்றால் முதல் ஆய்வை ஞாயிற்றுக்கிழமை செய்ததாக எழுதி வைத்திருந்தார்கள். கடைசிக் கதவு ஒன்றும் திறந்தே இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். வக்கீல் செலவுக்குப் பயந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

எல்லாம் முடிந்து பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டதா? நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று மாதம் கழித்து அதே பட்டறை வழியாக மறுபடி நடந்து போங்கள். தறி நிற்காது, தார் சுற்ற யாராவது வேண்டும். அந்த இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தால், புது மனுவின் முதல் வரியிலேயே பழைய வழக்கு எண்ணை எழுதுங்கள். அதே முதலாளி முதல் வழக்கில் தண்டனை பெற்றிருந்தால், இரண்டாவது முறை ஓர் ஆண்டுக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகும், அபராதம் கட்டிவிட்டுப் போகும் வழி அதில் கிடையாது.